பொறிவண்டுக்காரியின் தாய்மாமன்

குனிஞ்சு வாங்கண்ணே, கம்பி தலையில தட்டும். திராட்சைப் பந்தலுக்குள்ள வந்தா கலெக்டரா இருந்தாலும் குனிஞ்சுதான் வரணும். அந்தச் சாக்க விரிச்சு உக்காருங்க. செருப்பு கெடக்கட்டும், ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

யார கேட்டீங்க, நாகஜோதியா? பொறிவண்டு வளக்குற பிள்ளைதான? அவ ஷெட்டு இந்த வேலியத் தாண்டி ரெண்டு தோட்டம் தள்ளி இருக்கு, நீலக் கலர்ல தகரம் போட்டிருக்கும். ஆனா அண்ணே, நீங்க வண்டு வாங்க வந்த ஆளு இல்ல. வண்டு வாங்க வர்றவன் அழுக்குக் கைலியோட, மூஞ்சியில கவலையோட வருவான். நீங்க வெள்ளை வேட்டியும் புதுத் துண்டுமா வந்திருக்கீங்க. பொண்ணப் பத்தி விசாரிக்க வந்த ஆளு. சரியா சொன்னேனா? பாத்தீங்களா, சிரிக்கிறீங்க.

அங்க ஏன் போறீங்க? வழி கேக்க வந்த எடத்துல சரியான ஆளுகிட்டயே வந்து சேந்துட்டீங்க. என் பேரு ராசாங்கம். நான்தான் அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். கூடப் பெறந்த தங்கச்சி மக.

இருங்க, இருங்க. நீங்க எதுவும் சொல்ல வேணாம். மாப்ள என்ன வேலை, எந்த ஊரு, ஒண்ணும் நான் கேக்கப் போறதில்ல. கேட்டா, இவனுக்கு வயித்தெரிச்சல்னு நெனைப்பீங்க. எனக்கு வயித்தெரிச்சல் எல்லாம் கெடையாது. அவ எனக்குத் துரோகம் பண்ணிட்டா, அம்புட்டுதான். வளத்த கடா மாருல பாஞ்சா வலிக்காதா? வலிக்குது. அத மறைக்க எனக்குத் தெரியாது. நான் கோவக்காரனும் கெடையாது, ஊருக்குள்ள யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. வேணாம், கேக்காதீங்க. எங்க ஊர்க்காரய்ங்க பொறாமை புடிச்சவய்ங்க.

டீ சொல்லியிருக்கேன், கடையிலருந்து கொண்டாருவாங்க. அதுக்குள்ள நான் சொல்லிர்றேன்.

என் தங்கச்சி பேரு போதுமணி. அது புருசன் லாரி ஓட்டுனாப்ல, குமுளி மலை எறங்குறப்ப வண்டி கவுந்து போய்ச் சேந்துட்டாப்ல. அப்ப நாகஜோதி கைப்பிள்ளை. அதுக்கப்பறம் அந்தக் குடும்பத்துக்கு எல்லாம் நான்தான் பாத்தேன். பாத்தேன்னா, பக்கத்துலயே இருந்தேன்ல? தங்கச்சி என் தோட்டத்துலதான் கூலிக்கு வந்துச்சு. மத்தவங்களுக்கு என்ன கூலியோ அதேதான் அதுக்கும் குடுத்தேன். சொந்தக்காரின்னு கொறைக்கல.

நாகஜோதிக்குக் காது குத்துனது என் மடியில வச்சுத்தான். அன்னைக்கே சபையில சொன்னேன், இந்தப் பொண்ணு என் மகன் மாயக்கண்ணனுக்குன்னு. அத்தை மக அவனுக்கு, முறைப்பொண்ணு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. சிரிச்சாச் சம்மதம்னுதான அர்த்தம்? அவளும் மடியிலதான் இருந்தா. அழுதுக்கிட்டிருந்தா, காது வலியில.

படிச்சா. நல்லாப் படிச்சா, அத மறைக்க மாட்டேன். விவசாயப் படிப்புக்கு மதுரைப் பக்கம் காலேஜ்ல எடம் கெடைச்சப்ப, பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏத்தி விட்டது யாருங்குறீங்க? நான்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே போனேன். முடிச்சு வந்ததும் கவர்மெண்டு வேலைக்குப் போவா, மாயக்கண்ணனுக்கு முடிச்சு வச்சிரலாம்னு நான் ஒரு கணக்குல இருக்கேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? பூசணிக்காய் வாங்க ஆரம்பிச்சுட்டா.

நெசமாத்தாண்ணே. மஞ்சப் பூசணிக்காய். சந்தைக்குப் போனாப் பூசணிக்காய், கமிஷன் மண்டிக்குப் போனாப் பூசணிக்காய், குட்டியானை வண்டியில வந்து எறங்குது. ஊரே என்னையக் கேக்குது, 'என்ன ராசாங்கம், தங்கச்சி மக சாம்பார்க் கடை போடுதா?' நான் போய்ப் பாத்தேன். பாத்தா, அலமாரி அலமாரியாப் பூசணிக்காய அடுக்கி, ஒவ்வொண்ணு மேலயும் மாவுப்பூச்சிய ஏத்தி விட்டிருக்கா. வேணும்னே வளக்குறா!

உங்க ஊர்ல நெல்லா, வாழையா? அப்ப உங்களுக்குப் புரியாது. திராட்சைக்காரனுக்கு மாவுப்பூச்சின்னா வீட்டுக்குள்ள நல்ல பாம்பு புகுந்த மாதிரி. கொத்துக்குள்ள போய் வெள்ளை வெள்ளையா அப்பிக்கிட்டு, சாறக் குடிச்சு, பழத்தப் பிசுபிசுன்னு ஆக்கி, மேல கரும்பூசணம் புடிச்சு, வியாபாரி கிட்டக்கூட வராம போயிருவான். அத ஒருத்தி காய் வாங்கிப் போட்டு வளக்குறாள்னா எப்படி இருக்கும்? வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைதான். கேட்டா, 'மாமா, பூச்சி இல்லாம வண்ட எப்படி வளக்க? இதுதான் அதுக்குச் சோறு'ங்குறா.

அந்த வண்டு இருக்குதே, மிளகுல பாதிதான் இருக்கும். கறுப்பு உடம்பு, தலை மட்டும் செங்கக் கலரு. பொறிவண்டுல ஒரு சாதி. மாவுப்பூச்சின்னா அதுக்கு அம்புட்டு ஆசை. அதத்தான் பெட்டியில அடைச்சு, பூசணிக்காயில மேய விட்டு, பெருக்கி, டப்பாவுல போட்டு விக்கிறா. கேரளாவுலருந்து காப்பித் தோட்டக்காரங்க ஜீப்புல வந்து வாங்கிட்டுப் போறாங்க. தொழில நான் மட்டம் சொல்ல மாட்டேன். நல்லாத்தான் நடக்குது. தங்கச்சி இப்பக் கூலிக்கு வர்றதில்ல, மகளோட ஷெட்டுலதான் இருக்குது. எனக்குத்தான் ஒரு ஆளு கொறஞ்சு போச்சு. அத நான் யார்கிட்டயாச்சும் சொல்லிக் காட்டுனனா? இல்ல.

என்னண்ணே, ஏதோ சொல்ல வர்றீங்க? இருங்க, இப்பத்தான் கதைக்கே வர்றேன்.

போன கோடையில என் தோட்டத்துலயும் மாவுப்பூச்சி ஏறிருச்சு. அவளே வந்தா. நான் கூப்பிடல. 'மாமா, மருந்து அடிக்காதீங்க. நான் வண்டு விடுறேன், காசு வேணாம்'னா. சரி, மாமன் மேல பாசம்னு நெனைச்சேன். ஒரு சாயங்காலம், வெயில் தாந்ததும், டப்பா டப்பாவாக் கொண்டாந்து பந்தல் முழுக்க விட்டா. விட்டுட்டு என்னமோ சொன்னா, நின்னு ஒரு பாடு சொன்னா. மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு. நான் வால்வத் திருப்பிக்கிட்டு, சரித்தா, சரித்தான்னேன்.

கொஞ்ச நாள் போச்சு. ஒரு காலையில கொத்தத் திருப்பிப் பாக்குறேன். ஆத்தாடி! மாவுப்பூச்சிக்கு நடுவுல மாவுப்பூச்சியோட அப்பன் நிக்கிறான். வெள்ளையா, பெருசா, உடம்பெல்லாம் மெழுகு நூல் நூலாத் தொங்குது. மாவுப்பூச்சி சோம்பேறிண்ணே, ஒரு எடத்துல ஒட்டுனா நகராது. இது விறுவிறுன்னு ஓடுது. ஒண்ணு ரெண்டு இல்ல, கொடிக்குக் கொடி. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இவ ஷெட்டுல வளத்த பூச்சிய என் தோட்டத்துல விட்டுட்டா. எங்கிட்ட நோவக் குடுத்துட்டு நாளைக்கு எனக்கே வண்டு விக்கப் போறா. வேற என்ன நெனைப்பீங்க? நீங்களா இருந்தா என்ன நெனைச்சிருப்பீங்க?

என் மகன் மாயக்கண்ணன் கம்பத்துல மருந்துக்கடையில இருக்கான். மாத்திரை மருந்து இல்ல, பூச்சி மருந்துக்கடை. அவன்கிட்டச் சொன்னேன். 'அப்பா, நோயும் அவளே, வைத்தியமும் அவளேப்பா'ன்னான். நல்ல மருந்தா எடுத்துட்டு வந்தான். ரெண்டு பேருமாச் சேந்து பந்தல் பூராம் அடிச்சோம். மறுநா ஒரு பூச்சி இல்ல. ஒரு எறும்புகூட இல்லண்ணே, தரையப் பாத்தீங்கன்னா அம்புட்டுச் சுத்தம்.

அவ காலையில வந்தா. கீழ உக்காந்தா. உதுந்து கெடந்த வெள்ளைப் புழுவ ஒண்ணொண்ணா உள்ளங்கையில எடுத்து வச்சுக்கிட்டே இருந்தா. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, 'என்னத்தா, சொல்லு'ன்னேன்.

'மாமா, இதெல்லாம் என் வண்டோட குஞ்சு'ன்னா.

குஞ்சாம்! வண்டு கறுப்பு, குஞ்சு வெள்ளையா? 'மாவுப்பூச்சி மாதிரியே வேசம் போட்டுக்கிட்டு, அதுக கூட்டத்துக்குள்ள போய் அதுகளையே திங்கும் மாமா. அன்னைக்கே சொன்னேனே, வெள்ளையா ஓடுறதப் பாத்தா அடிச்சிராதீங்கன்னு.' சொன்னாளாம். மோட்டார் சத்தத்துல சொல்றதெல்லாம் ஒரு சொல்றதா? ஒரு படமாச்சும் போட்டு ஒட்டியிருக்கலாம்ல? ஒட்டியிருந்தா. மோட்டார் ரூம் கதவுல. அதுக்கு மேல நான் காலண்டர மாட்டிட்டேன், அது என் குத்தமா? காலண்டர் வேற எங்க மாட்ட?

வேசம் போட்டது புழு. ஏமாந்தது நானு. பழி மட்டும் யாரு மேல? எம்மேல. அவ ஏசியிருந்தாக்கூட நான் பொறுத்திருப்பேன். ஏசல. அழுதிருந்தா நானே மன்னிச்சு விட்டிருப்பேன். அழல. கையில இருந்ததத் துண்டுல முடிஞ்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பெரியவங்ககிட்ட நடந்துக்கிற மொறையா இது?

அதுக்கப்பறமும் நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? ஆவணி பொறந்ததும் பெருந்தன்மையா, தட்டு, பூ, பழம் எல்லாம் எடுத்துக்கிட்டு பொண்ணு கேட்டுப் போனேன். மாயக்கண்ணனுக்கு என்ன கொறை? வேலை இருக்கு, வண்டி இருக்கு. குடிப்பான், இல்லங்கல. ஞாயித்துக்கிழமை மட்டும்தான். சில வாரம் புதன்கிழமையே ஞாயிறு வந்துரும், அது வயசுக் கோளாறு, கட்டி வச்சாச் சரியாப் போயிரும். தங்கச்சி தட்டப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. 'அண்ணே, அவளையே கேட்டுக்கண்ணே'ன்னு சொல்லிருச்சு. கூடப் பெறந்தவ சொல்ற பேச்சா? மாமங்காரன் பொண்ணுகிட்டப் போய் நின்னு கேக்கணுமாம்.

போனேன். கேட்டுரலாம்னு ஷெட்டுக்கே போனேன்.

அங்க பூச்சி சார் இருக்காரு. பூச்சி ஆராய்ச்சி பண்றவரு, எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றது. அவரு சம்சாரமும் அதே வேலைதான், ரெண்டு பேரும் ஒரு ஜீப்புலதான் வருவாங்க. மூணு பேருமா மேசையச் சுத்தி நின்னு என்னமோ எண்ணிக்கிட்டிருக்காங்க. என்னன்னு கேட்டேன். சின்னச் சின்ன வலைக்கூண்டு, அதுக்குள்ள பொட்ட வண்டு. கூண்டச் சுத்திப் பசை தடவுன அட்டை. அத ஷெட்டுல கொஞ்சம், அங்கங்க தோட்டத்துல கொஞ்சம்னு கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. என் தோட்டத்துலயும் ஒண்ணு. எங்கிட்டக் கேட்டுத்தான் கட்டுனாங்களாம், எனக்கு ஞாபகம் இல்ல.

சார் சொன்னாரு, 'ஐயா, பெண் வண்டு ஒரு வாடைய விடும். நம்ம மூக்குக்குத் தெரியாது. காத்து எடுத்துட்டுப் போகும், ஆண் வண்டு அத மோந்துக்கிட்டே வந்து சேரும். வேற சாதிப் பொறிவண்டுல பாத்திருக்காங்க, இதுலயும் அப்படியான்னு பாக்குறோம்'னாரு. அவங்க ஷெட்டுப் பக்கம் கட்டுன அட்டையக் காட்டுறாரு, ஆண் வண்டா வந்து ஒட்டிக் கெடக்கு. என் தோட்டத்து அட்டைய எடுத்துக் காட்டுறாரு. சுத்தமா ஒண்ணுமில்ல. ஒரு ஈ கெடக்கு.

எனக்கு எப்படி இருக்கும்? என் தோட்டத்து வாடை மட்டும் என்ன கேவலமா? 'ஏத்தா, எனக்கு மட்டும் சீக்கு வண்டாக் கட்டுனியா'ன்னேன்.

அதுக்கு அவ, நிமிந்துகூடப் பாக்காம சொல்றா. 'இல்ல மாமா, எல்லாம் ஒரே பெட்டி வண்டுதான். பொட்ட வண்டு எல்லா எடத்துலயும் கூப்பிடாது போல. பிள்ளைகளுக்குத் தீனி இருக்கணும். இல்லாத கொடியில சும்மா உக்காந்திருக்கும், வாடையே விடாது.'

நான் தட்டோட நிக்கிறேண்ணே. கையில தட்டோட, பொண்ணு கேட்டு நிக்கிறேன். அந்த நேரத்துல இந்தப் பேச்சு. அந்தம்மா, சாரோட சம்சாரம், தலையக் குனிஞ்சுக்கிச்சு. 'நீ வண்டச் சொல்றியா, என் வீட்டச் சொல்றியா'ன்னு கேட்டேன். கேக்க மாட்டாங்களா?

எண்ணிக்கிட்டிருந்த அட்டையக் கீழ வச்சா. அப்பறம், 'வண்டத்தான் மாமா சொன்னேன். வீட்டப் பத்திக் கேட்டா, எனக்கு வேணாம் மாமா. மாயக்கண்ணன் அத்தானுக்கும் எனக்கும் சரிப்படாது'ன்னா. தன்மையாத்தான் சொன்னா. தன்மையாச் சொன்னா வலிக்காதா? தட்டத் தூக்கிக்கிட்டு வெயில்ல நடந்து வந்தேன். பூவெல்லாம் வாடிப் போச்சு. வர்ற வழியில எதுத்தாப்புல வந்தவனெல்லாம் தட்டப் பாக்குறான்.

என் தோட்டத்துல தீனி இல்லையாம். நான் மருந்தடிச்சு ஒரு பூச்சி இல்லாம வச்சிருக்கேன், அது கொறையா? சுத்தபத்தமா இருக்குறவன் வீட்டுக்கு வர ஒருத்திக்கு வலிக்குது.

சரி, பெத்த மகனாச்சும் ரோசப்படுவான்னு பாத்தா, அவன் என்ன சொல்றான்? 'விடுங்கப்பா, அவ கெட்டிக்காரி. எங்கூட வந்து என்ன பண்ணப் போறா? எனக்கே தெரியும்ல'ங்குறான். மகனாண்ணே அவன்? தங்கச்சி, தங்கச்சி மக, பெத்த மகன், அந்த வண்டு உட்பட எல்லாரும் ஒண்ணு. நான் ஒத்தையாளு.

அன்னையிலருந்து பேச்சுவார்த்தை இல்ல. பொங்கலுக்கு வந்தா, கரும்பும் பானையும் எடுத்துக்கிட்டு. நான் கதவத் தொறக்கல. நேத்துக்கூட போன் மேல போன். எடுப்பனா? அப்பறம் இந்தக் குரல்ல பேசி அனுப்புவாங்களே, அது ஒண்ணு அனுப்பியிருக்கா. அதையும் நான் தொறக்கல. மாமனுக்கு ரோசம் இருக்கக் கூடாதா?

டீ இன்னும் வரலையே. வரும். அதுக்குள்ள ஒரு விசயம், இதுவரைக்கும் நான் சொல்லாத விசயம். நீங்க பொண்ணு எடுக்க வந்தவங்க, மறைச்சா எனக்குத்தான் பாவம். கிட்ட வாங்க.

அந்தப் பூச்சி சார் இருக்காருல்ல. அவரு ஜீப்பு, பொழுது சாயுற வரைக்கும் ஷெட்டு வாசல்லயே நிக்குது. உள்ள வெளக்கு எரியுது. வாடை ஆராய்ச்சியாம். வயசுப் பொண்ணு இருக்குற எடத்துல என்ன வாடை, என்ன ஆராய்ச்சி? நான் ஒண்ணும் சொல்லல. ஊரு சொல்லுது. உலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா? ஊருன்னா, நான்தான் டீக்கடையில ஒரு பேச்சுக்குச் சொன்னேன், நாலு பேரு தலையாட்டுனாய்ங்க. ஒண்ணுமில்லாமயா தலையாட்டுவாய்ங்க? தாய்மாமன் நான் சொல்றேன், எழுதி வச்சுக்கங்க. அந்தப் பிள்ள உங்க வீட்டுக்குச் சரிப்பட்டு வராது.

என்னண்ணே, எந்திரிச்சிட்டீங்க? டீ குடிச்சிட்டுப் போங்க. உங்களப் பேச விடலங்குற கோவமா? சரி, இப்பப் பேசுங்க. நான் வாயத் தொறக்கல.

என்னது?

வழி கேக்க வரலையா? என்னையப் பாக்கத்தான் வந்தீங்களா? யாரு அனுப்புனா?

நாகஜோதியா?

நீங்க மாப்ளைக்குப் பெரியப்பாவா. எல்லாம் பேசி முடிஞ்சிருச்சா. பையில என்ன, வெத்தலபாக்கா. எனக்கா. ஆமா, எங்க பக்கம் அது உண்டு. முறைக்காரன் இருக்கையில பொண்ணு வெளிய போகணும்னா தாய்மாமன் கையில வெத்தலபாக்குக் குடுத்துக் கேக்கணும். அவன் வாங்கிக்கிட்டாத்தான் அடுத்த வேலை. இப்பெல்லாம் எவன் பாக்குறான்னுதான் நான் இருந்தேன். அவதான் பாத்தாளா? 'எங்க மாமா வாங்காம பூ வைக்கக் கூடாது'ன்னு அவதான் புடிச்ச புடியா நின்னாளா?

அவ அப்படியா சொன்னா?

இன்னும் இருக்கா? சொல்லுங்க. போன வாரம் டீக்கடையில அந்த ஜீப்புப் பேச்சு உங்க காதுல விழுந்துச்சு. சரி. அத மறைக்காம அவகிட்டயே கேட்டுட்டீங்க. சரிண்ணே. அதுக்கு அவ என்ன சொன்னா? 'எங்க மாமாகிட்டப் போய்க் கேளுங்க. அவருக்கு எம்மேல கோவம் உண்டு. ஆனா எங்க மாமா இல்லாதத சொல்ல மாட்டாரு. என்னைய மடியில வச்சுக் காது குத்துனவரு. அவரு என்ன சொல்றாரோ அதுக்கு நான் கட்டுப்படுறேன்'னு சொன்னாளா?

அந்தப் பேச்சக் கெளப்புனது நான்தான்னு அவளுக்குத் தெரியாதா?

அண்ணே, உக்காருங்க. ஏன் நின்னுக்கிட்டே பேசுறீங்க. பையக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன். இந்தா, ரெண்டு கையையும் நீட்டுறேன். எதுக்குப் பின்னாடி இழுக்குறீங்க? அந்த ஜீப்புப் பேச்ச விடுங்க, அது சும்மா. அந்தம்மாவும் கூடத்தான் இருந்துச்சு, நான்தான் மொதல்லயே சொன்னேனே, ரெண்டு பேரும் ஒரே ஜீப்புலதான் வருவாங்கன்னு. அந்தப் பிள்ள தங்கமான பிள்ளண்ணே. எங்க வம்சத்துலயே அப்படி ஒருத்தி இல்ல. இம்புட்டு நேரம் நான் வேற என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்?

பொய்யின்னு உங்களுக்கும் தெரியுதுங்குறீங்க. அப்பறம் என்ன? தெரிஞ்சிருச்சுல்ல?

வேத்தாளு சொன்னாத் தள்ளிரலாம், தாய்மாமன் சொன்னாத் தள்ள முடியாதா? நாளைக்கு உங்க வீட்டுல ஒரு சண்டை சத்தம் வந்தா, உன் சொந்த மாமனே சொன்னாருன்னு எவனாச்சும் கேப்பான், அத அந்தப் பிள்ள காலம் பூராம் கேக்கணுமாங்குறீங்க. நீங்க சொல்லாம விட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது? ஆமா, டீக்கடையில தெரியும். அவய்ங்க கிட்ட நான் போய், இல்லப்பான்னு சொல்லிர்றேன். இன்னைக்கே சொல்லிர்றேன். நம்ப மாட்டாய்ங்களா?

அண்ணே, நில்லுங்கண்ணே. வெத்தலையக் குடுத்துட்டுப் போங்க. அந்தப் பக்கம் எங்க போறீங்க, அவ ஷெட்டு இந்தப் பக்கம்ல இருக்கு. ஊருக்கே திரும்பிப் போறீங்களா? அவகிட்ட நான்தான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்கண்ணே. எவனோ ஒருத்தன்னு சொல்லுங்க. ஜாதகம் பொருந்தலன்னு சொல்லுங்க.

கேக்குதா? வண்டிய நிறுத்துங்கண்ணே, ஒரு நிமிசம். நீங்க நாயம் தெரிஞ்ச மனுசன், நீங்களே சொல்லுங்க. 'மாமா, இந்த மாதிரி ஒருத்தர் வர்றாரு, வெத்தலபாக்கோட வர்றாரு'ன்னு ஒரு வார்த்த முன்கூட்டியே எங்கிட்டச் சொல்லியிருக்க வேணாமா அவ? சொல்லியிருந்தா நான் இப்படிப் பேசியிருப்பனா? வாயத் தொறந்து சொன்னாளா? சொல்லல. சொந்தத் தாய்மாமன இப்படி மாட்டி விட்டுட்டாளே.

இதத்தாண்ணே நான் துரோகம்ங்குறேன்.